கரடி நடமாடும் காட்டில் வேட்டை: எந்த ரைஃபிள், எந்த சைட்?

அலாஸ்காவுக்கு முதன்முறையாக மூஸ், கரிபூ (இரண்டும் பெரிய மான் வகைகள்), மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்களும், பழுப்புக் கரடியையே தேடிப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் பேச்சு காலிபரில், அதாவது தோட்டாவின் அளவில்தான் ஆரம்பிக்கும். என் அனுபவத்தில் காலிபரைவிட, குறிபார்க்க உதவும் சைட்தான் அதிகம் பேரைக் காலை வாருகிறது. அதனால் அந்தப் பகுதிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

கரடி இருக்கிறது என்பதால் ரைஃபிள் தேர்வில் அப்படி என்ன மாறிவிடுகிறது?

ஒரே துப்பாக்கி இரண்டு வேலை செய்தாக வேண்டும். முதல் வேலை, நீங்கள் தேடிப் போனது. ஆற்றுக்கு அக்கரையில் 200, 250 கஜத்தில் ஒரு கரிபூ நிற்கிறது. உங்களுக்கு நேரம் இருக்கிறது. முதுகுப்பையைக் கீழே வைத்து, அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்து, மூச்சை அடக்கிச் சுடலாம். இரண்டாவது வேலை, உங்களைத் தேடி வருவது. விழுந்த மூஸை முழங்கை வரை ரத்தத்தோடு அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் ஆல்டர் புதருக்குள், 15 கஜத்தில், ஒரு கிளை முறிகிறது.

பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. நொடிக்கு 15 மீட்டர். முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் கரடி இரண்டு நொடியில் உங்கள்மேல் இருக்கும். முதல் வேலையைச் சுமாரான ரைஃபிளும் செய்துவிடும். இரண்டாவது வேலையில் சேஃப்டி எங்கே இருக்கிறது என்று தேடக்கூட நேரம் கிடையாது. கீழே வரும் ஒவ்வொரு பதிலையும் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

எந்தக் காலிபர் வாங்கலாம்? .30-06 போதுமா?

போதும். மூஸ், கரிபூ, மானுக்குத் தாராளமாகப் போதும். கரடி வந்தால் சமாளிக்கவும் போதும், சரியான குண்டு இருந்தால்.

.30-06 என்பது 1906ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. 180 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டை நொடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் அனுப்பும். அலாஸ்காவின் மீன், வனவிலங்குத் துறை வேட்டைக்காரர்களுக்குத் தரும் அறிவுரையில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்கிறது: ஜீரோ செய்வதற்கு (குண்டு விழும் இடத்தோடு சைட்டைப் பொருத்துவதற்கு) மட்டும் நாலு தோட்டா சுட்ட புத்தம்புது மேக்னத்தோடு (கூடுதல் வலுவுள்ள தோட்டாவைச் சுடும் ரைஃபிள்) வருகிறவரைவிட, நன்றாகச் சுடப் பழகிய .270 அல்லது .30-06 ரைஃபிளோடு வருகிறவரையே அனுபவமுள்ள வழிகாட்டிகள் விரும்புகிறார்கள். வழிகாட்டிகளின் முக்கியமான இரண்டு புகார்களையும் அதே துறை சொல்லியிருக்கிறது. ஒன்று, வருகிறவருக்கு நடக்க உடம்பில் தெம்பில்லை. மற்றது, தன் துப்பாக்கியையே அவருக்குக் குறி தவறாமல் சுடத் தெரியவில்லை.

அமெரிக்க வனத்துறை 1983ல் ஒரு சோதனை அறிக்கை வெளியிட்டது. அலாஸ்கா காடுகளில் வேலை செய்யும் ஊழியர்களின் பாதுகாப்புக்காக, 15 கஜ தூரத்தில் பலவகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். .458, .375 போன்ற பெரியவை முன்னால் நின்றதில் ஆச்சரியமில்லை. ஆனால் 220 கிரெயின் குண்டு போட்ட .30-06ம் மரியாதையான இடத்தைப் பிடித்தது. கிட்டத்தில் வேகத்தைவிடக் குண்டின் கனமும் உறுதியும்தான் பேசும் என்பதற்கு அது நல்ல சான்று.

பழுப்புக் கரடியையே வேட்டையாடப் போகிறீர்கள் என்றால் .338 வின்செஸ்டர் மேக்னம் (1958), .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் (1912), .375 ரூகர் (2007) ஆகிய மூன்றில் ஒன்றைப் பாருங்கள். நூறு வயது தாண்டியும் .375 ஹாலண்ட் வழிகாட்டிகளின் தோளில் தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது: 300 கிரெயின் குண்டை 2,500 அடிக்கு மேல் வேகத்தில் தள்ளுகிறது, 200 கஜத்திலும் குறிக்குப் போகிறது.

ஆனால் உதையை மறந்துவிடாதீர்கள். 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .30-06 தோளில் கொடுக்கும் உதை சுமார் 20 அடி-பவுண்டு. .375ல் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

உதை எனக்குப் பிரச்சினையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நண்பரிடம் ரைஃபிளைக் கொடுங்கள். நீங்கள் பார்க்காதபோது அவர் சில தடவை உண்மையான தோட்டாவையும், சில தடவை மருந்தில்லாத போலித் தோட்டாவையும் போட்டுத் தரட்டும். எது இருக்கிறது என்று தெரியாமல் சுடுங்கள். போலித் தோட்டா வந்து 'டிக்' என்று மட்டும் கேட்கும்போது குழல் முனையைக் கவனியுங்கள். அது அசையாமல் நின்றால் நீங்கள் தயார். சட்டென்று ஓர் அங்குலம் கீழே குனிந்தால், உங்கள் உடம்பு உதைக்குப் பயந்து முன்கூட்டியே பதறுகிறது என்று அர்த்தம். மனசுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். மேக்னம் வாங்கிவிட்டுப் பெருமையாகப் பேசுகிற பலருக்கு இந்தச் சோதனையில் குழல் குனிவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் .30-06க்கு இறங்கி வந்தவர்கள் எல்லாருமே பிறகு நன்றாகச் சுட்டார்கள்.

குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக் உதையைக் குறைக்கும். ஆனால் வெடியோசை பக்கவாட்டில் காதைக் கிழிக்கும்; பக்கத்தில் படுத்திருப்பது உங்கள் வழிகாட்டி. கழற்றக்கூடியதாக இருந்தால் பயிற்சிக்கு மாட்டிக்கொண்டு, காட்டுக்குப் போகும்போது கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு குண்டு விழும் இடம் மாறலாம். ஒருமுறை சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

குண்டு எப்படிப்பட்டது?

காலிபருக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். கரடியின் தோள் எலும்பு கனமானது. அதன்மேல் தடித்த தசை, கொழுப்பு, ஈரத்தில் ஊறிய அடர்ந்த ரோமம். மானுக்காகச் செய்த மெல்லிய உறைக் குண்டு பட்ட வேகத்திலேயே சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிடலாம்.

உள்ளே ஆழமாகப் போகும் குண்டு மூன்று வகை. ஈயத்தின் நடுவே செம்புத் தடுப்புச் சுவர் வைத்தது ஒன்று. நாஸ்லர் பார்ட்டிஷன் இதில் பழையது. முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கனத்தோடு போய்க்கொண்டே இருக்கும். ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி ஒட்டவைத்தது இரண்டாவது. மூன்றாவது, பார்ன்ஸ் போல முழுக்கச் செம்பாலானது. உங்கள் ரைஃபிளுக்கு எது ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியம், ஜீரோ செய்த அதே தோட்டாவைத்தான் காட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். 180 கிரெயினில் ஜீரோ செய்துவிட்டு, "கரடிக்கு" என்று 220 கிரெயின் போட்டுக்கொண்டால் இரண்டும் ஒரே இடத்தில் விழாது.

போல்ட் ஆக்‌ஷனா, லீவர் ஆக்‌ஷனா?

இரண்டும் ஆகும். போல்ட்டில் கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவோம்; லீவரில் ட்ரிகருக்கு அடியில் உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அதையே செய்வோம். எனக்குப் பிடித்தது போல்ட். அதிலும் மவுசர் 98 வழிவந்த வகை. தோட்டா, அதை அடுக்கி வைத்திருக்கும் மேகசின் பெட்டியிலிருந்து எழும்பும்போதே எக்ஸ்ட்ராக்டர் என்கிற கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டு மறுபடி இழுத்தாலும், பிடித்த தோட்டாவையே வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கும். மற்ற வகையில் அப்படிப் பாதியில் இழுத்தால், முதல் தோட்டா சேம்பர் (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை) வாயிலேயே கிடக்கும். பின்னால் இன்னொன்று வந்து முட்டும். இரண்டு நொடியில் அதைச் சரிசெய்ய முடியாது. வின்செஸ்டர் 70 ரைஃபிளில் 1964ல் இந்தக் கொக்கியை எடுத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் பழைய ஆட்கள் வருத்தப்படுவார்கள். 1990களில் அது திரும்பி வந்தது. ரூகர் ஹாக்கையிலும் இருக்கிறது. அதற்காக, ரெமிங்டன் 700 வைத்திருப்பவர் அதை விற்றுவிட வேண்டியதில்லை. போல்ட்டைக் கடைசிவரை தள்ளும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் அதுவும் நம்பகமானது.

லீவரில் .45-70 என்பது 1873ல் வந்த தோட்டா. கனமான குண்டு, குட்டையான துப்பாக்கி, புதருக்குள் கையில் அருமையாக உட்காரும். ஆனால் 100 கஜத்துக்கு ஜீரோ செய்தால் 200 கஜத்தில் குண்டு ஓரடிக்கு மேல் இறங்கிவிடும். வழிகாட்டிக்கும் அடர்காட்டில் வேலை செய்கிறவருக்கும் நல்ல துணை. ஆற்றுக்கு அக்கரையில் கரிபூ சுடப் போகிறவருக்கு நான் சொல்லமாட்டேன்.

கழற்றக்கூடிய மேகசின் என்றால் இன்னொன்றைக் கைவசம் வையுங்கள். சதுப்பில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது.

ரைஃபிளின் கட்டை (தோளில் பதியும் பகுதி) மரமா, சிந்தெடிக்கா?

சிந்தெடிக். குழல் ஸ்டெயின்லெஸ் எஃகு. தென்கிழக்கு அலாஸ்காவின் கெச்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த ஈரத்தில் மரம் உப்பும், குழலை ஒரு பக்கமாக நெருக்கும், ஜீரோ நகரும். குழல் வாயில் கறுப்பு எலக்ட்ரிகல் டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். மழையும் பனியும் சேறும் உள்ளே போகாது. சுடும்போது எடுக்க வேண்டியதில்லை, குறியும் மாறாது. டேப்பின் மீதியைக் குழலிலேயே நாலு சுற்று சுற்றி வைத்துக்கொள்வது அங்கே எல்லாரும் செய்வது.

ஸ்கோப்பா (உருவத்தைப் பெரிதாக்கும் குழாய்), ஓப்பன் சைட்டா (கண்ணாடி இல்லாத சைட்)?

அந்த இரண்டு வேலையும் நேருக்கு நேர் மோதும் இடம் இதுதான். தூரத்துக்கு ஸ்கோப் வேண்டும். கிட்டத்துக்கு ஸ்கோப்பே எமனாகலாம். தீர்வு, குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கும் ஸ்கோப்: 1-6, 1.5-5, அதிகம் போனால் 2-7.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 மடங்கில் வைத்த ஸ்கோப், 100 கஜத்தில் சுமார் 65 அடி அகலத்தைக் காட்டும். அதே 15 கஜத்தில் 10 அடி. கரடி முழுக்கத் தெரியும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் தெரியும். 4 மடங்கு ஸ்கோப் அதே தூரத்தில் 4 அடி காட்டும். வழக்கமாக எல்லாரும் வாங்கும் 3-9 ஸ்கோப்பை 9ல் விட்டுவிட்டால் 2 அடி. ஸ்கோப்புக்குள் மங்கலான பழுப்பு ரோமம் மட்டும் நிறைந்திருக்கும். அது தோளா, தொடையா, முன்னால் வருகிறதா, விலகிப் போகிறதா, எதுவும் தெரியாது.

ஆகவே ஒரு பழக்கம்: நடக்கும்போது ஸ்கோப் எப்போதும் ஆகக் குறைந்த எண்ணில். தூரத்து விலங்கைச் சுட உருப்பெருக்கத்தைக் கூட்ட நேரம் கிடைக்கும். கிட்டே வந்த கரடிக்குக் குறைக்க நேரம் கிடைக்காது. சுட்டு முடித்துவிட்டு விழுந்த விலங்கிடம் போகும்முன் உருப்பெருக்க வளையத்தைத் திருப்பிக் குறையுங்கள். பலரும் மறப்பது இந்த இடத்தில்தான். மகிழ்ச்சியில் எழுந்து ஓடுவார்கள், ஸ்கோப் 9லேயே நிற்கும்.

ஸ்கோப் வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளி. நாலு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். .338, .375 ரைஃபிள்களை மேட்டை நோக்கிப் படுத்துச் சுடும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து அடிக்கும். அந்தப் பிறை வடிவத் தழும்பை வைத்தே ஒருவர் என்ன துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

ரைஃபிள் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். தோட்டா இல்லை என்று இரண்டுமுறை உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்கு ஏற்றுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் தெரிந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் கறுப்பு நிழல் தெரிந்தால் ஸ்கோப்பை முன்னாலோ பின்னாலோ நகர்த்த வேண்டும், அல்லது ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தைத் தாழ்வானதாகப் போட வேண்டும். காட்டில் போடப்போகும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். அதன் கனமே தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஓர் அங்குலம் சேர்த்துவிடும்.

குறுக்குக் கோடு தடித்ததாக இருக்கட்டும். செப்டம்பர் சாயங்காலத்தில் கறுத்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு முன்னால் மெல்லிய கோடு காணாமல் போய்விடும். நடுவில் சிவப்பு விளக்கு எரியும் வகை இன்னும் நல்லது. ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் கோடு கண்ணுக்குத் தெரிகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பீப் சைட் என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

கண்ணுக்கு அருகே பின்னால் ஒரு சிறிய வளையம், குழல் முனையில் ஒரு முள் அல்லது மணி. வளையத்தின் வழியே பார்த்து, மணியை விலங்கின்மேல் வைத்து, சுட வேண்டியதுதான். மணியை வளையத்தின் நடுவில் கொண்டுவர நீங்கள் முயற்சி செய்யவே தேவையில்லை. வெளிச்சம் அதிகமான இடத்தை, அதாவது நடுவை, கண் தானாகவே தேடிக்கொள்ளும். V வடிவப் பள்ளமுள்ள பழைய சைட்டில் பள்ளம், மணி, விலங்கு என்று மூன்றையும் கண் ஒரே சமயத்தில் கூர்மையாகப் பார்க்க முயல வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் அது முடியாது. பீப்பில் இரண்டுதான்.

வளையத்துக்குள் திருகும் சிறு தகடு இருந்தால் கழற்றிவிடுங்கள். பெரிய ஓட்டையும் மெல்லிய விளிம்பும் மட்டும் இருப்பதுதான் கிட்டத்துக்கு வேகமானது. முன் மணி வெள்ளையாக இருந்தால் அடர்காட்டின் இருட்டில் பளிச்சென்று தெரியும், பனியில் மறைந்துவிடும். பனிக்காலத்துக்குச் சிவப்பு அல்லது பச்சை ஃபைபர் மணி.

இதன் எல்லை 100, 150 கஜம். அதற்குமேல் மணியே விலங்கை மறைக்க ஆரம்பிக்கும்.

அப்படியென்றால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாதா?

முடியும். என் விருப்பம் அதுதான். நெம்புகோலைத் திருப்பினால் கழன்றுவிடும் மவுண்ட்டில் ஸ்கோப், அடியில் ஜீரோ செய்த ஓப்பன் சைட் அல்லது பீப். ஸ்கோப் பாறையில் மோதி உடைந்தால் வேட்டை நின்றுபோகாது. காயம்பட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் போக நேர்ந்தால் ஸ்கோப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். நல்ல மவுண்ட்டில் திரும்ப மாட்டினால் ஜீரோ திரும்பும். ஆனால் விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள். பத்துத் தடவை கழற்றி மாட்டிச் சுட்டு நீங்களே பாருங்கள்.

ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்)?

50 கஜத்துக்குள் இதைவிட வேகமானது இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும், புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு போகும். நல்லவற்றில் பேட்டரி ஆண்டுக்கணக்கில் ஓடும். திறந்த கண்ணாடி வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் ஒளி கிளம்பும் இடத்தில் ஒரு மழைத்துளியோ பனித்துகளோ உட்கார்ந்தால் புள்ளி சிதறும், அல்லது காணாமல் போகும். இரண்டு பக்கமும் கண்ணாடி மூடிய குழாய் வகை வேண்டும். லீவர் துப்பாக்கிக்கும் காவல் துப்பாக்கிக்கும் மிகப் பொருத்தம். 250 கஜத்துக்கு ஒரே துப்பாக்கி என்றால் ஸ்கோப்பே மேல்.

ஸ்கோப்பில் பனிமூட்டம் படிந்தால்?

நல்ல ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள், உள்ளே படியாது. வெளிக் கண்ணாடியில் படிவது பெரும்பாலும் நம் தவறு. குளிரில் கிடந்த ரைஃபிளை அடுப்பெரியும் கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி வியர்க்கும், போல்ட்டுக்குள்ளும் வியர்க்கும். காலையில் வெளியே எடுத்தால் அந்த ஈரம் உறைந்து, சுடும் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். இரவில் ரைஃபிளைக் கூடாரத்தின் குளிர்ந்த முன்பகுதியில், கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். கடுங்குளிரில் போல்ட்டுக்குள் இருக்கும் கெட்டி எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மலையேறி மூச்சிரைக்கும்போது ரைஃபிளைத் தோளில் ஏற்றி ஒரு பெருமூச்சு விட்டால் போதும், பின்கண்ணாடி வெள்ளையாகிவிடும். சுடும்முன் மூச்சை மூக்கின் வழியே கீழ்நோக்கி விடுங்கள்.

ஜீரோ எத்தனை கஜத்துக்கு?

.30-06, .338, .375 மூன்றுக்கும் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே விழும்படி வையுங்கள். 200 கஜத்தில் ஏறக்குறையக் குறியிலேயே விழும். .30-06ல் 180 கிரெயின் 300 கஜத்தில் எட்டொன்பது அங்குலம் இறங்கும். அவ்வளவு தூரம் சுட வேண்டிய அவசியம் கரடி வேட்டையில் இல்லை. 100 கஜத்துக்குள் நெருங்காமல் கரடியைச் சுட விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் வழிகாட்டிகள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். காயம்பட்ட கரடியைத் தேடிப் புதருக்குள் போக வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கரடியில் எங்கே சுடுவது?

பக்கவாட்டில் நிற்கும்போது தோளை ஒட்டி, உடம்பின் உயரத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே. அடர்ந்த ரோமம் உடம்பை உண்மையைவிட உயரமாகக் காட்டும். முதுகை வைத்து அளக்காதீர்கள், முன்னங்காலைப் பின்பற்றி மேலே வாருங்கள். தலையைக் குறிவைக்க வேண்டாம். மண்டை சரிவானது, மூளை சிறியது, ஓடும்போது தலை ஒரு நொடிகூட நிலையாக இருக்காது. நேரே வருகிற கரடிக்குத் தாடைக்குக் கீழே நெஞ்சு.

விழுந்தாலும் அசைவு நிற்கும்வரை சுடுங்கள். கொழுப்பும் ரோமமும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால், காயத்தோடு ஓடிய கரடி தரையில் தடம் விடாமலே போய்விடும்.

பயிற்சி எப்படி?

மேஜையில் வைத்துச் சுடுவது ஜீரோவுக்கு மட்டும். அதன்பின் முழுக்க நின்று, மண்டியிட்டு, பையின்மேல் சாய்த்து. பாதித் தோட்டாவைத் தூரத்துக்கும், பாதியை 15 முதல் 25 கஜத்துக்கும் செலவிடுங்கள். ஒரு காகிதத் தட்டை 20 கஜத்தில் வைத்து, ரைஃபிள் இடுப்பளவில் இருக்கும் நிலையிலிருந்து தோளுக்கு ஏற்றி, இரண்டு குண்டு. ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்காமலே போல்ட்டை இயக்கப் பழகுங்கள். இது வரவே வராது முதலில்; கை தானாக ரைஃபிளைக் கீழே இறக்கும். வீட்டில் போலித் தோட்டாவை வைத்துத் தினமும் பத்து நிமிடம் செய்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும். ஈரக் கையுறையோடும் செய்து பாருங்கள்.

விலங்கை அறுக்கும்போது ரைஃபிள் எங்கே இருக்க வேண்டும்?

இதைக் கேட்காதவர்கள்தான் அதிகம். நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரண்டு பேர் மூஸை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொடையைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் குனிந்து மூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரின் முகமும் இறைச்சியை நோக்கி. இரண்டு ரைஃபிளும் பதினைந்து அடி தள்ளி, ஒரே மரத்தில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. ஒன்றின் வார் மற்றதன் போல்ட்டில் சிக்கியிருந்தது. அன்றைக்குக் கரடி வரவில்லை.

கை நீட்டினால் எட்டும் இடத்தில், குழல் உங்களையும் துணையையும் பார்க்காமல், பையின்மேல் கிடக்கட்டும். ஒருவர் அறுக்க, ஒருவர் நின்று காவல் பார்க்கட்டும். கோடியாக் தீவில் மான் வேட்டைச் சத்தம் கேட்டுக் கரடி வருவதுண்டு என்று அங்கே பழகியவர்கள் சொல்வார்கள். குடலை விட்டு இறைச்சியைச் சீக்கிரம் அப்புறப்படுத்துங்கள். மறுநாள் மீதியை எடுக்கத் திரும்பினால், காற்றின் போக்கைப் பார்த்து, தூரத்திலிருந்து பைனாகுலரில் நெடுநேரம் கவனித்த பிறகே நெருங்குங்கள்.

ரைஃபிள் இருக்கும்போது பெப்பர் ஸ்ப்ரே எதற்கு?

அவசியம் வேண்டும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்து 2008ல் வெளிவந்த ஆய்வில், ஸ்ப்ரே அடித்தபோது பழுப்புக் கரடி 92 சதவீதத் தருணங்களில் பின்வாங்கியது. துப்பாக்கி இருந்த 269 சம்பவங்களை எடுத்துக்கொண்ட 2012 ஆய்வு, துப்பாக்கியைச் சுட்டவர்களுக்கும் கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் காயம்படும் அளவில் வேறுபாடு இல்லை என்றது. துப்பாக்கி வேலைக்கு ஆகாது என்று நான் இதை வாசிக்கவில்லை. நெருக்கடியில் அதைச் சரியாகச் சுடுவது எவ்வளவு கடினம் என்றே வாசிக்கிறேன். இரண்டு கையும் இறைச்சியில் இருக்கும்போது இடுப்பில் உள்ள ஸ்ப்ரே முதலில் கைக்கு வரும். பல பாய்ச்சல்கள் வெறும் மிரட்டல். ஸ்ப்ரே அடித்தால் கரடியும் உயிரோடு போகும், நீங்களும் போவீர்கள்.

தற்காப்புக்காகச் சுட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

அலாஸ்காவில் உயிரைக் காக்கச் சுடலாம். ஆனால் தோலை நகங்களோடும், மண்டையோட்டோடும் எடுத்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உங்கள் கவனக்குறைவால் கரடியை வரவழைத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. கரடி உங்கள் மூஸ்மேல் உட்கார்ந்துவிட்டால், இறைச்சிக்காக அதைச் சுடுவதைச் சட்டம் பொதுவாக ஏற்காது. விட்டுவிட்டு வாருங்கள்.

மொன்டானா, வயோமிங், ஐடஹோவில் கிரிஸ்லி (உள்நாட்டுப் பழுப்புக் கரடி) 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிரிட்டிஷ் கொலம்பியா 2017 டிசம்பரில் கிரிஸ்லி வேட்டையை நிறுத்திவிட்டது. அங்கெல்லாம் ரைஃபிள் எல்க் மானுக்கும் மூஸுக்கும்; கரடிக்கு முதலில் ஸ்ப்ரே.

வெளியிலிருந்து வருகிறவர் தனியாகப் பழுப்புக் கரடி வேட்டையாடலாமா?

முடியாது. பிற மாநிலத்தவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, அல்லது அலாஸ்காவில் வசிக்கும் 19 வயது நிறைந்த நெருங்கிய உறவினரோடு போக வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களுக்கு எல்லாப் பெரிய விலங்குக்கும் வழிகாட்டி கட்டாயம்.

கைத்துப்பாக்கி, ஷாட்கன்?

.44 மேக்னம் கைத்துப்பாக்கி மீன்பிடிக்கிறவரின் இடுப்புக்கு நல்லது. ரைஃபிளுக்கு மாற்று அல்ல. 12 கேஜ் ஷாட்கன்னில் கெட்டியான பிரென்னக்கே வகை ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டு) போட்டால் முகாம் காவலுக்கு ஆகும். மென்மையான ஈய ஸ்லக் தட்டையாகிவிடும்.

விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

பூட்டிய கெட்டிப் பெட்டி, தோட்டா இல்லாத ரைஃபிள், கவுன்டரில் அறிவிப்பு. தோட்டா 5 கிலோவுக்குள். பெப்பர் ஸ்ப்ரே எந்தப் பெட்டியிலும் போகாது. அங்கே போய் வாங்குங்கள். சிறு விமானத்தில் பைலட்டிடம் ஸ்ப்ரே இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிதவையின் உள்ளறையிலோ வெளியிலோ கட்டிவைப்பார். மூடிய அறைக்குள் அது கசிந்தால் அவரால் விமானத்தை ஓட்ட முடியாது.

பெட்டி எத்தனை இடத்தில் எறியப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் இறங்கிய இடத்தில் ஜீரோவைச் சரிபார்த்தே ஆக வேண்டும். இதற்குச் சட்டமே நேரம் தருகிறது: சிறு விமானத்தில் பறந்த அன்று பெரிய விலங்கு வேட்டை கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணி வரை, மான் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கூடாரம் அடித்த பின், ஓர் அட்டைப் பெட்டியை மண்மேட்டில் 100 கஜத்தில் நிறுத்தி மூன்று குண்டு சுடுங்கள். ஓப்பன் சைட் இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு 25 கஜத்தில் இரண்டு. ஸ்கோப்பைத் திரும்ப மாட்டி இன்னொன்று. பிறகு வளையத்தை ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி, குழல் வாயில் டேப்பை ஒட்டிவிட்டுச் சமைக்கப் போங்கள்.